ஊரார் சொன்ன கதைகளை வைத்து நாடகம்: எங்கே தொடங்குவது?

கடைமடை:
வணக்கம் தோழர்களே. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு ஊரில் வாசகர் வட்டமும் மகளிர் குழுவும் சேர்ந்து, ஊர்க்காரர்கள் வாழ்க்கையையே நாடகமாகப் போடப் போகிறோம். நடிப்பதும் அவர்கள்தான். கஜா புயல், நடவுக் கூலி, மேட்டூர் திறந்தும் தண்ணீர் எட்டாத வருஷங்கள், இவைதான் பொருள். ஒரு மணி நேர நாடகம். எத்தனை பேரிடம் பேச வேண்டும்? பேசியதை எப்படிக் காட்சியாக்குவது? எந்த மாசம், எங்கே போடலாம்? சிலர் பேச்சில் பக்கத்து வீட்டு விவகாரமும் வருகிறதே, அதை என்ன செய்வது?

வெண்ணாறு:
25, 30 பேர் போதும். அதில் எட்டு பத்துப் பேர் சொன்னதுதான் மேடைக்கு வரும். ஆளுக்கு 40 நிமிஷத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அதை எழுதி எடுக்கவே மூணு நாலு மணி நேரம் ஆகும். ரெண்டு பேராகப் போங்கள். ஒருவர் கேட்கட்டும், மற்றவர் போனைப் பார்த்துக்கொள்ளட்டும். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள், மின்விசிறிக்கு நேராக வைக்காதீர்கள்.

கெடுவது பெரும்பாலும் கேள்வியில்தான். "கஜாவைப் பத்திச் சொல்லுங்க" என்றால் பேப்பரில் வந்ததையே திருப்பிச் சொல்வார்கள். "2018 நவம்பர் 15 ராத்திரி கதவுக்கு எதை முட்டுக்கொடுத்தீங்க? மாட்டை அவுத்து விட்டீங்களா, கட்டியே போட்டிருந்தீங்களா?" என்று கேளுங்கள். விடிகாலையில் காற்று திசை மாறியபோது எந்தப் பக்கத்து ஓடு முதலில் பறந்தது என்பது வரை வரும். அம்மா உரல், ஆட்டுக்கல் எல்லாவற்றையும் கதவோடு நகர்த்தினார் என்றால் அங்கேயே உங்களுக்கு ஒரு காட்சி இருக்கிறது.

பெண்களிடம் பெண்களே பேசட்டும், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல். நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் கூட்டமாகக் கேட்டால் குரல் பெரிய ஒருவர் மட்டும்தான் பேசுவார். ஆனால் நடவுப்பாட்டு வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். ஒருவர் எடுத்துக்கொடுக்காமல் மற்றவருக்கு வராது.

திண்ணைப்பேச்சு:
எழுதி எடுத்ததில் அவர்கள் வாயில் வந்தபடியே நிற்கிற வரிகளை அடிக்கோடிடுங்கள். "இருவது நாளா கரண்டு இல்ல, மொபைலை சார்ஜ் போட மன்னார்குடி போனோம்" என்றதை "இருளில் மூழ்கியது எங்கள் வாழ்வு" என்று மாற்றினால் சனம் சிரித்துவிடும்.

ஒருவருக்கு ஏதோ வேண்டும், இன்னொருவர் மறிக்கிறார். இது இருந்தால் ஐந்து நிமிஷக் காட்சி. இல்லாததைக் கூத்தில் கதை சொல்லி நடத்துகிற கட்டியங்காரன் வாயில் ரெண்டு வரியாகப் போட்டுவிடுங்கள். காட்சிகளைக் கோப்பதும் அவன் வேலையாகட்டும்.

நடவுக் கூலிக்கு பிரேசில்காரர் அகஸ்டோ போவாலின் விவாத அரங்கு பொருந்தும். கூலி கேட்கிற பெண் நிலக்காரரிடம் தோற்கிற இடத்தில் காட்சியை முடியுங்கள். மறுபடி முதலிலிருந்து நடிக்கும்போது, பார்ப்பவர் யாரும் "நிறுத்து" என்று சொல்லி அவள் இடத்தில் வந்து நடிக்கலாம். நிலக்காரர் வேடத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அவரை நல்லவராக மாற்றிவிட்டால் பேச எதுவும் மிஞ்சாது. இதற்கே இருபது நிமிஷம் போய்விடும், ஒரு ராத்திரிக்கு ஒன்று போதும்.

கூலிக் கதை கேட்டால் கீழ்வெண்மணி வராமல் இருக்காது. 1968 டிசம்பர் 25, கூலிப் போராட்டத்தில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைக் குடிசையோடு எரித்தார்கள், 44 உயிர். தீயை மேடையில் காட்டாதீர்கள். ஒருவர் நின்று சொன்னாலே போதும் என்பது என் கட்சி.

பக்கத்து வீட்டு விவகாரத்துக்குப் பெயரை மாற்றினால் தீராது. "மேலத்தெரு, நாலு மா நிலம், மகன் சிங்கப்பூர்" என்றாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். ரெண்டு குடும்பத்துக் கதையை ஒன்றாக்குங்கள், அண்ணன் தம்பி சண்டையை மாமன் மச்சான் சண்டையாக்குங்கள். சம்மதம் ரெண்டு தரம் வாங்குங்கள்: பதிவு செய்யும்போது ஒன்று, எழுதியதைப் படித்துக்காட்டிய பிறகு ஒன்று. அரங்கேற்றத்துக்குப் பத்து நாள் முன்னால் கதை சொன்னவர்களுக்கு மட்டும் நடித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தக் காட்சி போய்விட வேண்டும், வாதாடக் கூடாது. சாவு, இழப்பு மாதிரிக் கதையைச் சொன்னவரே நடிக்கவும் வேண்டாம்.

நெற்களம்:
அறுத்த வயலில் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள், சம்பா அறுப்புக்கு முன்பே உளுந்து விதைத்திருப்பார்கள். களத்திலும் தை, மாசியில் கொள்முதல் நிலையத்து நெல் குவிந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை. ஆக, பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரைதான் தோது. பரீட்சையும் முடிந்திருக்கும், ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் கையும் சும்மா இருக்கும்.

இடம் பள்ளிக்கூட மைதானம்தான். கோயில் மண்டபத்தில் ஒத்திகை வைத்தால் காலனித் தெரு வராது, காலனியில் வைத்தால் மற்ற தெரு வராது. தனி அரங்கத்துக்கு அலைய வேண்டாம். அமெரிக்காவில் கால்க்விட் என்கிற சிற்றூரில் 1992 முதல் ஊர்க்காரர்களே தங்கள் கதைகளை நடிக்கிறார்கள், பழைய பருத்திக் கிட்டங்கியைத்தான் அரங்கமாக்கினார்கள்.

மூன்று பக்கம் சனம், ஒரு பக்கம் சுவர். முன்னால் தார்ப்பாயில் பிள்ளைகள், பிறகு நாற்காலி, பின்னால் நிற்பவர்கள். 200 பேர் வரை மைக் இல்லாமல் சமாளிக்கலாம், ஜெனரேட்டர் தள்ளி இருந்தால். மைக் வைத்தால் காவல் நிலைய அனுமதி வேண்டும், ராத்திரி 10 மணிக்குள் முடிக்க வேண்டும். 50 வாட் எல்இடி ஃப்ளட் லைட் நாலு போதும். மேடையின் ரெண்டு ஓரத்திலும் ஆள் உயரத்துக்கு மேலே, கொஞ்சம் சாய்த்துக் கட்டுங்கள். நேர் எதிரே வைத்தால் நடிப்பவர் கண்ணைச் சுருக்குவார்.

முக்கிய வேடத்துக்கெல்லாம் மாற்று ஆள் வையுங்கள். பையன்கள் திடீரென்று திருப்பூர் கிளம்பிவிடுவார்கள்.

கடைமடை:
மிக்க நன்றி. ஒப்பாரிக்கும் பறைக்கும் எங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள். ஊர் நிகழ்ச்சிதானே என்று சும்மா கூப்பிடலாமா?

திண்ணைப்பேச்சு:
கூடாது தோழர். மைக் செட்டுக்காரருக்குக் கூலி, பறைக்கு மட்டும் ஊர்க்கடமையா? மேளம், பாட்டு எல்லாவற்றுக்கும் தொகை பேசி, ஒத்திகை நாளுக்கும் சேர்த்துக் கொடுங்கள். ஒப்பாரி பாடுபவரிடம் எவ்வளவு நேரம், எந்த இடத்தில் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தச் சொல்ல முடியாது.