மூன்று ஆய்வுகூடம் கட்டிய பிறகு எனர்ஜி மாதம் 34 குறைகிறது, எங்கே பிழை? (ஸ்டெல்லாரிஸ்)

கொக்குவில் மாணவன்

அண்ணைமார், அக்காமாருக்கு வணக்கம். ஏ.எல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஸ்டெல்லாரிஸ் (விண்வெளியில் அரசு கட்டி ஆளும் கணினி விளையாட்டு) விளையாடத் தொடங்கி மூன்று கிழமை ஆகிறது. பதிப்பு 3.14. என் பழைய லப்ரொப்பில் புதியது ஓடாது என்று நினைத்து ஸ்டீமில் பழைய பதிப்புக்கே மாற்றி வைத்திருக்கிறேன்.

விளையாட்டின் ஆண்டுக் கணக்கில் 2222 வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. எனர்ஜி (விளையாட்டில் காசு மாதிரி) மாதம் 12 மிஞ்சியது, கன்சியூமர் கூட்ஸ் (மக்களின் பாவனைப் பொருட்கள்) 4 மிஞ்சியது. ஆராய்ச்சியில் பின்தங்கக்கூடாது என்று எங்கேயோ வாசித்ததால் தலைநகரக் கிரகத்தில் அடுத்தடுத்து மூன்று ஆய்வுகூடம் கட்டினேன். இப்போது 2231. எனர்ஜி மாதம் 34 குறைகிறது, கையிருப்பு 240. கன்சியூமர் கூட்ஸ் 9 குறைகிறது. அதை ஈடுகட்ட நானே சந்தையில் மொத்தமாக வாங்கப் போய், 900 இருந்த எனர்ஜி இந்த 240க்கு வந்து நிற்கிறது. மினரல்ஸ் (கனிமம்) 38 மிஞ்சுகிறது, உணவு 22 மிஞ்சுகிறது, அலாய் (உலோகக் கலவை) 6.

எனர்ஜி போதாது என்றுதான் இரண்டாவது கொலனியில் மூன்று ஜெனரேட்டர் டிஸ்ட்ரிக்ட் (எனர்ஜி உற்பத்திக்கான பகுதி) கட்டினேன். கட்டியும் எண் ஏறவில்லை, இன்னும் கீழே போனது. இதுதான் எனக்கு விளங்கவேயில்லை. ஆய்வுகூடங்களை இடித்துவிடவா? நேற்று இரவு ஒரு மணி வரைக்கும் விளையாட்டை நிறுத்தி வைத்துவிட்டு அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உரும்பிராய்த் தோட்டம்

தம்பி, இடிக்க வேண்டாம். முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த இரண்டாவது கொலனியில் எத்தனை ஆள்? உங்கள் மக்களின் வாழ்க்கைத் தரம் எதில் இருக்கிறது? மக்கள் பட்டியலில் இனத்தின் உரிமைகளைத் திறந்தால் தெரியும்.

கொக்குவில் மாணவன்

கொலனியில் 4 பேர் அண்ணை. மொத்தம் எல்லாக் கிரகத்திலும் 38. வாழ்க்கைத் தரம் யுட்டோப்பியன் அபண்டன்ஸ் (எல்லோருக்கும் தாராளமாகக் கொடுப்பது). என் அரசு சமத்துவக் கொள்கை உடையது, அதனால் அந்தத் தெரிவு திறந்திருந்தது, 2215இல் மாற்றினேன். மக்கள் சந்தோசமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

உரும்பிராய்த் தோட்டம்

சரி, இப்போது முழுதாகத் தெரிகிறது. ஆறுதலாக வாசியுங்கள்.

இந்த விளையாட்டில் கட்டடம் ஒன்றும் உற்பத்தி செய்வதில்லை, அதில் வேலை செய்கிற ஆள்தான் உற்பத்தி செய்கிறார். கட்டடம் வேலையைத் திறந்து விடும், அவ்வளவுதான். ஒரு ஆய்வுகூடம் இரண்டு ஆய்வாளர் வேலையைத் திறக்கும். ஆய்வாளர் வேலை மேல்தட்டு வேலை. அது திறந்தவுடன் கீழே ரெக்னீசியனாகவோ (எனர்ஜி செய்பவர்) மைனராகவோ (மினரல்ஸ் தோண்டுபவர்) இருப்பவர் உங்களைக் கேட்காமலேயே மேலே போய்விடுவார். உங்களிடம் போனவர்கள் ரெக்னீசியன்மார் என்று எண்ணே சொல்கிறது.

எங்கள் தோட்டத்தில் இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நாலு பரப்பும் உழுது, பாத்தி கட்டி, விதை வெங்காயமும் சாக்கில் இருக்கும். நடுகைக்குச் சொல்லி வைத்த ஆட்களுக்கு அன்று காலையில் பக்கத்து ஒழுங்கையில் கூலி கூடிய மேசன் வேலை வந்துவிட்டால் அங்கே போய்விடுவார்கள். அவர்களில் பிழை இல்லை. ஆனால் எங்கள் நிலம் உழுதபடி கிடக்கும், இறைப்புக்குக் கொடுத்த காசும் போகும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு ரெக்னீசியன் அடிப்படையில் மாதம் 6 எனர்ஜி தருவார். மூன்று ஆய்வுகூடத்துக்கு ஆறு பேர் போனார்கள், 36 போச்சு. ஆய்வுகூடம் ஒன்றுக்குப் பராமரிப்பு 2 எனர்ஜி, மூன்றுக்கும் 6. மொத்தம் 42. முன்பு 12 மிஞ்சியது, அப்போ 30 குறைவு. இதற்கு மேல் நீங்கள் கட்டிய மூன்று ஜெனரேட்டர் டிஸ்ட்ரிக்ட். அவை ஆறு ரெக்னீசியன் வேலை திறந்திருக்கின்றன. ஆனால் அந்தக் கொலனியில் நாலு பேர்தான், அவர்களுக்கு அங்கே ஏற்கெனவே வேறு வேலை இருந்திருக்கும். வேலை காலி, டிஸ்ட்ரிக்ட் ஒன்றுக்கு 1 எனர்ஜி பராமரிப்பு மட்டும் மாதா மாதம் போகிறது. 33 ஆச்சு. உங்கள் 34க்கு அதுவே காணும்.

கன்சியூமர் கூட்ஸும் அதே கதைதான். ஆய்வாளர் ஒருவருக்கு மாதம் 2 வேண்டும், ஆறு பேருக்கு 12. 4 மிஞ்சிய இடத்தில் 8 குறையும், ஆள் கூடக் கூட இன்னும் குறையும். அதற்கும் அடியில் இருப்பது அந்த யுட்டோப்பியன் அபண்டன்ஸ். அதில் தலைக்கு 1 கன்சியூமர் கூட்ஸ், யாராக இருந்தாலும். 38 பேருக்கு 38. அதைவிடச் சிக்கனமான டீசன்ட் கண்டிஷன்ஸ் தரத்துக்கு மாற்றினால் சாதாரண வேலையாளுக்கு அதில் கால்வாசிதான் போகும். ஒருமுறை மாற்றினால் பத்து வருடத்துக்கு மறுபடி மாற்ற முடியாது. நீங்கள் 2215இல் மாற்றியதால் இப்போது பூட்டு திறந்திருக்கும். மக்கள் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், ஆனால் தாங்கும்.

அதைச் செய்துவிட்டு தலைநகரத்தின் வேலைப் பட்டியலுக்குப் போய் ஆய்வாளர் வரிசையில் கழித்தல் அடையாளத்தை அழுத்தி நாலு இடத்தை மூடுங்கள்.

வல்வைக் கடல்

அண்ணையின் கணக்கு சரி, ஆனால் கடைசி வரியில் எனக்கு உடன்பாடில்லை. ஆய்வாளர் இடத்தை மூடினால் அந்த நாலு பேரும் அடுத்த மாதமே ரெக்னீசியன் வேலைக்குத் திரும்ப மாட்டார்கள். மேலே போவது உடனே நடக்கும், கீழே இறங்குவதற்கு வருடக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் வேலையில்லாமல் இருந்து சாப்பிட்டுக்கொண்டு இருப்பார்கள். எனர்ஜிக்கு அதால் ஒரு பயனும் இல்லை, ஆராய்ச்சியும் போச்சு. நான் முதல் ஆட்டத்தில் இதைத்தான் செய்தேன், வேலையில்லாதவர்களைக் காட்டும் பெட்டி அடையாளம் சிவப்பாக வந்து கிரகத்தின் நிலைத்தன்மையும் விழுந்தது.

தம்பி, உங்களிடம் 38 மினரல்ஸும் 22 உணவும் சும்மா மிஞ்சுகிறது. அதைப் பாவியுங்கள். சந்தையில் மாதாந்த விற்பனை போடலாம். மினரல்ஸ் 20, உணவு 15. இரண்டுக்கும் அடிப்படை விலை 1 எனர்ஜி, 30 சதவீதம் சந்தைக் கட்டணம் போக ஏறத்தாழ 24 எனர்ஜி மாதம் கையில் வரும். சிறிது சிறிதாக விற்றால் விலை அதிகம் விழாது. நீங்கள் கன்சியூமர் கூட்ஸ் மொத்தமாக வாங்கியதில்தான் நட்டம். அதன் அடிப்படை விலை 2, கட்டணத்தோடு 2.6, வாங்க வாங்க ஏறும்.

அந்த 24 நேரம் வாங்கித் தரும். அதற்குள் உங்கள் எல்லைக்குள் இருக்கிற ஒவ்வொரு நட்சத்திரத் தொகுதியையும் திறந்து பாருங்கள். நட்சத்திரத்திலேயே எனர்ஜி இருக்கும், 2, 3, சிலதில் 4 என்று. கட்டுமானக் கப்பலை அனுப்பி மைனிங் ஸ்டேஷன் (வளம் எடுக்கும் நிலையம்) போட்டால் 100 மினரல்ஸ்தான், பராமரிப்பு 1 எனர்ஜி. மிச்சம் அப்படியே உங்களுக்கு. இதற்கு ஒரு ஆளும் தேவையில்லை, அதுதான் முக்கியம். ஆள் பஞ்சம் இருக்கிற அரசுக்கு ஆள் கேட்காத வருமானம்தான் முதல். புதிதாக விளையாடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை, தொகுதியைச் சொந்தமாக்கும் நிலையத்தைக் கட்டிவிட்டு அந்தத் தொகுதியை மறுபடி திறப்பதில்லை.

உரும்பிராய்த் தோட்டம்

கீழே இறங்க நேரமெடுக்கும் என்பது உண்மை, அதை நான் சொல்லாமல் விட்டது பிழை. ஆனால் ஒரு வழி இருக்கிறது அக்கா. ஆய்வாளர், ஆர்ட்டிசன், மெட்டலர்ஜிஸ்ட் மூவரும் ஒரே தட்டு. ஒரு இன்டஸ்ட்ரியல் டிஸ்ட்ரிக்ட் கட்டி வைத்துவிட்டு இரண்டு ஆய்வாளர் இடத்தை மட்டும் மூடினால் அந்த இரண்டு பேரும் காத்திராமல் அங்கே போவார்கள். ஆர்ட்டிசனாகப் போனவர் 6 மினரல்ஸில் 6 கன்சியூமர் கூட்ஸ் செய்வார், மெட்டலர்ஜிஸ்டாகப் போனவர் 6 மினரல்ஸில் 3 அலாய். சரி, நாலு மூட வேண்டாம், இரண்டு. எனர்ஜிக்கு நீங்கள் சொன்ன வழியே நல்லது. இதற்கு மினரல்ஸ் மாதம் 12 போகும் என்பதால் விற்பனையைப் பிறகு குறைக்க வேண்டிவரும்.

சுன்னாகம்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சண்டை இல்லாத நேரத்தில் கோர்வெட்டுகளை (சிறு போர்க்கப்பல்கள்) வெளியில் நிறுத்தி வைக்காதீர்கள். ஸ்டார்பேஸில் (விண்வெளித் தளம்) குரூ குவார்ட்டர்ஸ் (மாலுமிகள் தங்குமிடம்) கட்டி, கப்பல்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தினால் பராமரிப்பு குறையும். கடற்படை வைத்திருக்கக்கூடிய அளவைத் தாண்டியிருக்கிறீர்களா என்றும் மேல் வரியில் பாருங்கள், தாண்டினால் எல்லாக் கப்பலின் செலவும் கூடும்.

இன்னொன்று. நீங்கள் 4.0 பதிப்புக்கு மாறினால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டாம். 2025 மே மாதம் அது வந்தபோது மக்கள் தொகையையும் வணிகத்தையும் அடியோடு மாற்றிவிட்டார்கள்.

கொக்குவில் மாணவன்

இப்போதுதான் திரும்ப உட்கார்ந்தேன், பின்னேரம் கரண்ட் இல்லை. எல்லாவற்றையும் வாசித்து ஒரு கொப்பியில் எழுதி வைத்துத்தான் தொடங்கினேன்.

வாழ்க்கைத் தரத்தை மாற்றினேன். அடுத்த மாதமே கன்சியூமர் கூட்ஸ் சிவப்பில் இருந்து மேலே வந்தது, என்னால் நம்ப முடியவில்லை. மாதாந்த விற்பனையில் அக்கா சொன்னபடி மினரல்ஸ் 20, உணவு 15 போட்டேன். எனர்ஜி 34இல் இருந்து 10 குறைவுக்கு வந்தது. பிறகு தொகுதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எனக்குச் சொந்தமான ஐந்து தொகுதியில் நிலையமே போடாத எனர்ஜி இருந்தது. ஒன்று என் தலைநகரத்துக்குப் பக்கத்துத் தொகுதி, 2203இல் இருந்து என்னுடையது. 28 வருடம் அதைக் கடந்து கப்பல் அனுப்பியிருக்கிறேன்.

இப்போது 2236. ஐந்து நிலையமும் போட்டாச்சு, எனர்ஜி 3 மிஞ்சுகிறது. ஆய்வாளர் ஆறு பேரும் வேலையில் இருக்கிறார்கள், ஒருவரையும் மூடவில்லை. இன்டஸ்ட்ரியல் டிஸ்ட்ரிக்ட் பாதி கட்டுமானத்தில் நிற்கிறது.

ஒரு கேள்வி. அந்தக் கொலனியில் காலியாகக் கிடக்கிற மூன்று ஜெனரேட்டர் டிஸ்ட்ரிக்டையும் என்ன செய்வது?

உரும்பிராய்த் தோட்டம்

விட்டுவிடுங்கள் தம்பி. மாதம் 3 எனர்ஜிதான் போகிறது. கொலனியில் ஆள் பிறந்து வரும்போது அவர்களே அதில் போய் நிற்பார்கள், ஒருவர் வந்தாலே அந்தச் செலவு இரட்டிப்பாகத் திரும்பும். அந்த ஆறு வேலையும் நிரம்பும் வரைக்கும் அந்தக் கிரகத்தில் மேல்தட்டு வேலை தருகிற கட்டடம் ஒன்றும் கட்ட வேண்டாம்.

வல்வைக் கடல்

உணவு விற்பனையை மட்டும் கவனியுங்கள். ஆள் கூடினால் அந்த 22 கெதியாகக் குறையும், 15இல் வைத்துவிட்டு மறந்துபோக வேண்டாம். நிலையம் போடாத தொகுதி இன்னும் இருந்தால் பெயரை எழுதுங்கள், நானும் பார்க்கிறேன்.