அமெரிக்க கேவியர் டப்பா, மேட்டூர் மீன் முட்டை: எப்படிச் சாப்பிடுவது?

சூரமங்கலம்_சமையல்:
மாமா அமெரிக்காவிலிருந்து வரும்போது பேடில்ஃபிஷ் கேவியர், சால்மன் கேவியர் (உப்புப் போட்ட மீன் முட்டை) ரெண்டும் வாங்கிட்டு வர்றாராம். எப்படி வைக்கணும், எதோட சாப்பிடணும்? மேட்டூர் கட்லா, ரோகு முட்டையையும் அதே மாதிரி உப்புப் போட்டுப் பச்சையா சாப்பிடலாமா?

ஐஸ்பெட்டி:
அங்கே ஸ்டர்ஜன் என்ற மீனின் முட்டையை மட்டும்தான் வெறுமனே 'கேவியர்' என்று விற்கலாம். மற்றதற்கெல்லாம் மீன் பெயரும் சேர்ந்து வரணும். லேபிளை முதலில் பாருங்க. அங்கத்திய ஹேக்கிள்பேக் ஸ்டர்ஜன் வகை: சின்ன கறுப்பு மணி. பேடில்ஃபிஷ் அதற்குத் தூரத்துச் சொந்தம்: சாம்பல் நிறம், வெண்ணெய்ப் பதம், லேசா மண் வாசனை. போஃபின் என்ற மீனின் முட்டை மலிவு, சூடு பட்டால் கறுப்பு போய்ச் சிவந்துவிடும், சமையலில் போடாதீங்க. சால்மன் பெரிய ஆரஞ்சு மணி, கடித்தால் வெடிக்கும்.

பேடில்ஃபிஷ் ஆளுக்கு 125 கிராமுக்கு மேல் என்றால் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) அனுமதி வேண்டும், மாமாவிடம் சொல்லிடுங்க. ஃப்ரிட்ஜில் பின்சுவர் ஓரமா, ஐஸ் கிண்ணத்துக்குள் வைங்க. ஃப்ரீசர் வேண்டாம், மணியின் தோல் கிழிந்து கூழாகும். திறந்தால் ரெண்டு நாளில் முடிக்கணும். வெள்ளிக் கரண்டியில் உலோக வாடை ஏறும், எவர்சில்வர் பரவாயில்லை.

மேட்டூர்_வலை:
மேட்டூர் முட்டையைப் பச்சையா வேண்டாங்க. கேவியருக்குப் போடும் 3–5 சதவீத உப்பு, ஆற்றுமீன் புழுவையும் கிருமியையும் கொல்லாது. புழு சாக −20 டிகிரியில் 7 நாள் வைக்கணும். வீட்டு ஃப்ரீசர் அதை எட்டுவதே சந்தேகம், கரன்ட் போனால் அதுவும் இல்லை. கிருமி அப்பவும் சாகாது.

வேகவைத்துச் சாப்பிடுங்க. மழைக்காலம் தொடங்கும்போது சினை நிறைஞ்சிருக்கும். முட்டைப் பை விறைப்பா, ரத்த நரம்பு சிவப்பா இருக்கணும். தொளதொளன்னு கறுத்திருந்தால் விட்டுடுங்க. பித்தம் பட்டுப் பச்சையான இடத்தை வெட்டி எறியுங்க, கழுவினால் கசப்பு போகாது. 1 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் கல்லுப்பு கரைத்து, பையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறட்டும். ஊசியால் நாலு இடத்தில் குத்தி, வாழையிலையில் சுற்றி, இட்லிப் பானையில் 10–12 நிமிடம். கெட்டியான பை என்றால் ஒன்றை வெட்டிப் பாருங்க, நடுவிலும் நிறம் மாறியிருக்கணும். குத்தாமல் நேரா எண்ணெயில் போட்டால் உள்ளே நீராவி கட்டி வெடிக்கும், முகத்தில் தெறிக்கும். ஆறினபிறகு வில்லை போட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள் தடவி, தோசைக்கல்லில் சிறு தீயில் பக்கத்துக்கு 2 நிமிடம். அதுக்கு மேல போனால் ரவை மாதிரி உதிர்ந்து வறண்டுபோகும்.

கடல் மீன் வாங்குறவங்களுக்கு ஒண்ணு: பேத்தை மீன் முட்டை விஷம், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது.

சூரமங்கலம்_சமையல்:
நன்றிங்க ரெண்டு பேருக்கும். டப்பாவைத் தட்டுவடையோட வைக்கலாமா?

ஐஸ்பெட்டி:
சட்னி வைத்து அடுக்கும் சேலம் தட்டுவடை செட்டா வேண்டாம்; சட்னியும் பூண்டும் மீன் வாசனையை அமுக்கிடும். வெறும் தட்டுவடையில், காரமில்லாததா பார்த்து, உப்பில்லா வெண்ணெய் மெல்லிசா தடவி, மேலே அரை டீஸ்பூன் வையுங்க. வைத்த உடனே வாயில் போடணும், நமுத்தால் வீண். பேடில்ஃபிஷில் எலுமிச்சை பிழியாதீங்க. சால்மனுக்கு ரெண்டு சொட்டு தாங்கும்.

மேட்டூர்_வலை:
கிரேக்கர்கள் உப்பிட்ட கெண்டை முட்டையை ஊறவைத்த ரொட்டி, எண்ணெய், எலுமிச்சையோடு அரைத்துத் தொட்டுக்குவாங்க. நம்ம வெந்த ரோகு முட்டை 100 கிராம், ஓரம் நீக்கிய ரொட்டி 2 துண்டு, கடலெண்ணெய் 3 ஸ்பூன், அரை மூடி எலுமிச்சை. எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு அரைங்க, மொத்தமா ஊத்தினால் பிரிஞ்சிடும். தட்டுவடைக்கு அது கேவியரை விடப் பொருத்தம்.