நாற்றை ஹார்டனிங் செய்வது: தமிழில் என்ன?

காரிமங்கலத்திலிருந்து:
வணக்கம். எங்கள் பள்ளித் தோட்டத்தில் பத்துக்குப் பத்தடியில் ஒரு பசுமைக்குடில் போட்டிருக்கிறோம். விதையிலிருந்து தக்காளி, கத்தரி வளர்ப்பதற்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாலு பக்கக் கையேடு. வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. குழித்தட்டு, நார்க்கழிவு, நாற்றழுகல் எல்லாவற்றுக்கும் சொல் கிடைத்துவிட்டது. நடவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தண்ணீரைக் குறைத்து, தட்டை வெளியே வைத்து நாற்றைத் தேற்றுகிறோமே, அந்த ஹார்டனிங்கில்தான் மாட்டிக்கொண்டேன். ‘கடினப்படுத்துதல்’ என்று படித்துக் காட்டினால் ஒரு பெண், “கல்லு மாதிரி ஆயிடுமா மிஸ்?” என்கிறாள்.

தர்மபுரியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
உரமேற்றல். உரம் என்றால் வலிமை. ‘உரமொருவற்கு உள்ள வெறுக்கை’ (குறள் 600). இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

ஓசூரிலிருந்து, நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர்:
ஐயா, என் பண்ணையில் ‘நாற்றுக்கு உரமேற்று’ என்று சொன்னால் அடுத்த நிமிடம் பையன் யூரியாவோடு நிற்பான். தழைச்சத்தை நிறுத்த வேண்டிய நேரம் அது! நாங்கள் ‘வெயில் காட்டு’ என்போம். 98 குழித் தட்டில் 25 நாள் நிழலிலேயே வளர்ந்த தக்காளியைத் திடீரென வெயிலில் வைத்தால் மறுநாளே இலை வெளுத்து, தொட்டால் காகிதம் மாதிரி சலசலக்கும். முதல் நாள் காலை வெயில் ஒரு மணி நேரம் போதும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

தர்மபுரி:
எருவுக்கு உரம் என்று பெயர் வந்ததே வலிமையால்தான், தம்பி. சரி, யூரியாவுக்கு அஞ்சி விட்டுக்கொடுக்கிறேன். ‘உணக்கல்’ இருக்கிறதே! ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின்’ (1037). ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காய்ந்தால் பிடி எருவும் வேண்டாமாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
அங்கே காய்வது மண், நாற்றில்லை. உணக்கினால் கருவாடுதான் கிடைக்கும். கேள்வி கேட்ட அம்மாவே முதல் மடலில் ‘தேற்றுகிறோமே’ என்று எழுதியிருக்கிறார், யாரும் கவனிக்கவில்லையா? தேற்றுதல். நாற்று தேறிவிட்டது, நடலாம்.

தர்மபுரி:
தேறுவது நோயாளி, அல்லது தேர்வு எழுதியவன். தேற்று என்பதற்குத் தெளியவைத்தல் என்றும் பொருள். கலங்கிய நீரைத் தெளியவைப்பதால்தான் அது தேற்றாங்கொட்டை.

ஓசூர்:
எங்கள் பாட்டி கிணற்றுத் தண்ணீர்ப் பானைக்குள் அந்தக் கொட்டையை உரசுவார். இப்போது எங்கே கிடைக்கும்?

(இதன் பிறகு பதினோரு மடல்கள் தேற்றாங்கொட்டையைப் பற்றி.)

காரிமங்கலம்:
புதன் இரவு ஆகிவிட்டது. ‘தேற்றுதல்’ என்று தலைப்புப் போட்டு, கீழே ‘நாற்றை வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குவது’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்தப் பெண்ணிடம் காட்டினேன். “அழுதா தேத்துவாங்களே, அதுவா மிஸ்?” என்றாள். ஏறக்குறைய அதுதான் என்று சொல்லிவிட்டேன்.

தர்மபுரி:
என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளவும். உணக்கல். கொட்டை பாப்பாரப்பட்டியில் ஒரு நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கிறது.