துரத்துவார் இல்லாமல் ஓடிய நாள்

குலசேகரத்துக்காரன்:

1987-இல் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பலசரக்குக் கடையில் எடை போடும் வேலை பார்த்தேன். ஒரு கிலோ இரும்புக் கல்லின் அடியில் முத்திரை குத்துவதற்கென்று ஊற்றியிருக்கும் ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியை அரக்கு வைத்து மூடியிருந்தேன். முதலாளி சொன்னதால் செய்தேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்; யோசனையைச் சொன்னதே நான்தான். ஒருநாள் மதியம் கடை முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றதும், எடைக்கல் முத்திரையைச் சோதிக்கும் அதிகாரிகள் என்று நினைத்து, அந்தக் கல்லை மடியில் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக ரப்பர் தோட்டத்துக்குள் ஓடி, குளத்தில் வீசிவிட்டு, வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தேன். வந்தவர்கள் பேச்சிப்பாறை அணைக்கு வழி கேட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இன்றும் கண்ணில் நிற்பது திண்ணையில் கருப்பட்டி விற்ற பாட்டிதான். அவரும் ஜீப்பைப் பார்த்து முத்திரை அதிகாரிகள் என்றே நினைத்திருக்கிறார். நினைத்தவர், தம்முடைய கற்களைச் சாக்கின் மேல் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக அடுக்கி, முத்திரை மேலே தெரியும்படி கவிழ்த்து வைத்திருந்தார். என்னைப் பார்த்து, “யாரு மக்களே ஒன்னத் தொரத்துனா?” என்று மட்டும் கேட்டார். ‘ஒருவனும் தொடராதிருந்தும் துன்மார்க்கர் ஓடிப்போகிறார்கள்’ என்ற நீதிமொழி வசனத்தை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான்.

சுசீந்திரம் வாசகி:

மேலே எழுதியவரின் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் ஓடுகிறவன் குற்றவாளி, அசையாதவர் நல்லவர் என்ற கணக்கை என்னால் ஏற்க முடியாது. எங்கள் ஊரில் முற்காலத்தில் கைமுக்கு என்றொரு சோதனை இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும். கை வேகவில்லை என்றால்தான் அவர் குற்றமற்றவர். திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா அதை நிறுத்தினார். அந்த நெய்யைப் பார்த்தால் தவறே செய்யாதவனும் நடுங்கமாட்டானா?

நான் காசாளராக இருந்த இடத்தில் ஒருமுறை பணம் குறைந்தது. நான் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை, ஆனாலும் மேலாளர் முன் நின்றபோது கை நடுங்கியதில் பேனா கீழே விழுந்தது. அந்த நடுக்கத்தையே அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை எங்கள் ஊர்க் கோயிலில் தாணுமாலயன் சந்நிதியில் நின்றபோதும் கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் அங்கே எதையும் விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அதன்பிறகே அலுவலகத்துக்குப் போய், கணக்கை மறுபடி கூட்டச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வந்தது. ஆகவே பக்தி தந்த தைரியம் என்று நான் சொல்வது, நடுங்கிக்கொண்டே போய் நின்றதைத்தான்.

நிழல் தாங்கல் அருகில்:

சுருக்கமாகச் சொல்கிறேன். அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யா வழியில், தாங்கல் என்ற எங்கள் வழிபாட்டிடத்தில் சிலை கிடையாது, கண்ணாடிதான் உண்டு; அதில் தெரியும் நம்மையே பார்த்துத்தான் கும்பிடுவோம். ஒரு வரப்புத் தகராறில் மாமாவுக்காகப் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை தலைப்பாகை கட்டிக்கொண்டு எங்கள் தாங்கலுக்குப் போனேன். எல்லாரும் நேராகப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் என் தலைப்பாகையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குக் கீழே கண்ணை இறக்க முடியவில்லை.

குளச்சல் மாமா:

எனக்கும் ஒன்று உண்டு. பங்காளிக்குச் சேர வேண்டிய மீன் காசில் கொஞ்சம் மறைத்தேன், அதன்பின் அவன் வள்ளத்தைக் கரையில் கண்டாலே வேறு வழியாக வீட்டுக்குப் போவேன். அவ்வளவுதான்.

குலசேகரத்துத் தம்பிக்கு ஒரு வார்த்தை. வசனத்தை நினைத்து வருந்துவதோடு நிறுத்தாதீர்கள். பைபிளில் வரும் வரி வசூலிக்கிற ஆயக்காரன் சகேயு, அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருவேன் என்று ஆண்டவர் இயேசுவிடம் சொன்னான். அழுது முடிப்பதாகச் சொல்லவில்லை. எடை குறைத்துக் கொடுத்த வீடுகள் உங்களுக்குத் தெரியும். எல்லா வீட்டையும் கணக்கெடுக்க முடியாவிட்டாலும், வாரம் தவறாமல் வந்த நாலு வீட்டுக்காவது போய், அரிசியோ பருப்போ கையில் கொடுத்து, இன்ன காரணத்துக்காகத் தருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காரணத்தைச் சொல்லாமல் தானம்போலக் கொடுத்தீர்கள் என்றால், அது இன்னொரு எடைக்கல்தான். வீட்டார் இறந்திருந்தால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்போது பாதி வழியில் திரும்ப முடியாது.

குலசேகரத்துக்காரன்:

மாமா, இரண்டு வீட்டுக்குப் போனேன். முதல் வீட்டில் சிரித்தார்கள். இரண்டாம் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். கருப்பட்டிப் பாட்டியின் வீடு மூன்றாவது. அவரும் எங்கள் கடையில்தான் அரிசி வாங்கினார். அவர் இப்போது இல்லை, மகள் இருக்கிறார். அந்தத் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருக்கிறேன். சுசீந்திரத்து அக்கா சொன்னது போல, நடுங்கிக்கொண்டேதான் அடுத்த ஞாயிறு போக வேண்டும்.