டெக்சஸில் மாநில சுயாட்சி: நவம்பர் 6 வாக்கும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டமும்

கொங்குத்தமிழன் | ஹூஸ்டன், டெக்சஸ் | 13 அக்டோபர் 2012

எங்கள் மாநிலத்தில் 22ஆம் தேதி முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்குகிறது. அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னிக்கு நான் வாக்களிக்கப் போகிறேன். காரணத்தை இங்கே எழுதிவைக்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஏழைக்கு வைத்தியம் கிடைக்கக் கூடாது என்று நினைப்பவன் அல்லன் நான். அதை யார் முடிவு செய்வது என்பதுதான் என் கேள்வி. 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், ஏறக்குறைய எல்லோரும் காப்பீடு வைத்திருந்தே தீர வேண்டும் என்கிறது. இல்லாவிட்டால் 2014இல் குறைந்தது 95 டாலர், 2016இல் 695 டாலர் தண்டம். கடந்த ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் இதை 5-4 என்ற கணக்கில் காப்பாற்றியது என்பதை மறுக்கவில்லை. ஆனால், மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கொண்டு இப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்று ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்ட நிலையில், தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அந்தத் தண்டத்தை வரி என்று கொண்டுதான் சட்டத்தைக் கரையேற்றினார். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை இன்னும் பலருக்கு விரிவாக்குவதை ஏற்காத மாநிலம், ஏற்கெனவே பெற்றுவரும் மெடிக்கெய்ட் பணம் முழுவதையும் இழக்க நேரிடும் என்ற மிரட்டலையோ ஒன்பது பேரில் ஏழு பேர் செல்லாது என்றார்கள். அது தலையில் துப்பாக்கியை வைப்பதற்குச் சமம் என்று ராபர்ட்ஸ் எழுதினார். ஒபாமாவே நியமித்த ககன் அம்மையாரும் அந்த ஏழு பேரில் ஒருவர்.

'மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி' என்பதைச் சுவரெழுத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாம். தமிழக அரசு அமைத்த ராஜமன்னார் குழு 1971இல் டெல்லியிடம் கேட்டதை டெக்சஸ் இன்று வாஷிங்டனிடம் கேட்டால் மட்டும் அது எப்படிப் பிற்போக்கு ஆகிவிடும்?

சொந்தக் கணக்கு ஒன்றும் உண்டு. என் கடையில் முழுநேர ஊழியர்கள் 47 பேர். ஐம்பதாவது ஆளை எடுத்து, காப்பீடு கொடுக்காமல் இருந்து, அவர்களில் ஒருவர் அரசு மானியம் பெற்றுவிட்டாலும், முதல் 30 பேரைக் கழித்து மீதி 20 பேருக்குத் தலைக்கு 2,000 வீதம் ஆண்டுக்கு 40,000 டாலர் நான் கட்ட வேண்டும். ஐம்பதாவது ஆளை யார் எடுப்பார்கள்?

வைகைக்கரை | ஃபிரேமிங்ஹாம், மாசச்சூசெட்ஸ் | 13 அக்டோபர் 2012

கொங்கு ஐயா அவர்களுக்கு, உங்கள் வேட்பாளர் ஆளுநராக இருந்த மாநிலத்தில் வசிப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2006 ஏப்ரல் 12 அன்று பாஸ்டன் ஃபேனியல் ஹாலில், டெட் கென்னடி அருகில் நிற்க, ராம்னி கையெழுத்திட்ட சட்டத்தின் கீழ்தான் நான் வாழ்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து 1099-ஹெச்சி என்ற ஒற்றைத் தாள் தபாலில் வரும். அதைப் பார்த்து, எந்தெந்த மாதம் காப்பீடு இருந்தது என்று மாநில வருமான வரிப் படிவத்தோடு ஒரு தனித் தாளில் நிரப்பி இணைக்க வேண்டும். இல்லாதவர் தண்டம் கட்ட வேண்டும். நீங்கள் ஹூஸ்டனில் எதைக் கண்டு அஞ்சுகிறீர்களோ அதை நாங்கள் ஐந்தாறு ஆண்டுகளாக, அடுக்களை மேசையில் உட்கார்ந்து, பெரிய அலுப்பில்லாமல் செய்து வருகிறோம். நாட்டிலேயே காப்பீடு இல்லாதோர் விகிதம் மிகக் குறைவாக இருப்பது இங்கேதான், மிக அதிகமாக இருப்பது உங்கள் மாநிலத்தில். அங்கே ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் காப்பீடு இல்லை.

அந்தச் சட்டம் ஒரு மாநிலம் தன் சொந்தக் காலில் நின்று செய்த சாதனையும் அன்று. மெடிக்கெய்ட் விதிகளிலிருந்து மாநிலத்துக்குக் கொடுத்திருந்த விலக்கின் கீழ் ஆண்டுக்கு 38.5 கோடி டாலர் மத்தியப் பணம் கைநழுவிப் போகும் நிலை வந்ததால்தான் பாஸ்டனில் எல்லோரும் அவசரமாக ஒன்றுகூடினார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த புண்ணியம் ராம்னியுடையது. காப்பீடு தராத முதலாளிக்கு ஊழியர் ஒருவருக்கு 295 டாலர் கட்டணம் என்ற பிரிவை அவர் ஆளுநரின் மறுப்பதிகாரத்தால் தடுத்ததையும், சட்டமன்றம் அந்தத் தடையை மீறி அதை நிறைவேற்றியதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். அந்தக் கட்டணம் 11 ஊழியர்களிலிருந்தே தொடங்குகிறது, ஐம்பதில் அன்று.

கொங்குத்தமிழன் | ஹூஸ்டன் | 14 அக்டோபர் 2012

அம்மா, நீங்கள் சொன்ன அத்தனையும் என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. மாநில அரசுக்குப் பொதுவான ஆளும் அதிகாரம் உண்டு; அது தடுப்பூசி போடச் சொல்லலாம், கார் காப்பீடு வாங்கச் சொல்லலாம், மருத்துவக் காப்பீடும் வாங்கச் சொல்லலாம். மத்திய அரசுக்கு அரசமைப்பு எண்ணிக் கொடுத்த அதிகாரங்கள் மட்டுமே உண்டு, மிச்சம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் என்று பத்தாவது திருத்தம் சொல்கிறது. உங்கள் மக்கள் விரும்பினார்கள், செய்துகொண்டார்கள். அதே சட்டை டெக்சஸுக்கும் பொருந்தும் என்று வாஷிங்டன் ஏன் தைக்க வேண்டும்? 2011இல் வெர்மாண்ட் ஒரே அரசுக் காப்பீட்டை நோக்கிச் சட்டம் இயற்றியது. அதையும் நான் எதிர்க்க மாட்டேன். அது வெர்மாண்ட்காரர்கள் பாடு.

நெல்லைச்சீமை | கொலம்பஸ், ஓஹையோ | 14 அக்டோபர் 2012

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். தத்துவம் புரிகிறது. நான் இன்னும் முடிவு செய்யாதவன்; இங்கே இரு கட்சிக்காரர்களும் நாளுக்கு மூன்று முறை தொலைபேசியில் அழைப்பதால் சாப்பிடக்கூட நேரமில்லை என்பதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

2009 ஜனவரியில் எனக்கு வேலை போனது. பழைய நிறுவனத்தின் காப்பீட்டை 18 மாதம் வரை நம் காசிலேயே தொடரலாம் என்ற கோப்ரா விதி இருக்கிறது. நிறுவனத்தின் பங்கும் நம் பங்கும் சேர்ந்து, மேலே 2 சதவீதமும் கட்ட வேண்டும். அந்த ஆண்டு ஊக்கத் திட்டத்தில் அரசு 65 சதவீதத்தைச் சில மாதங்கள் ஏற்றது. அது முடிந்ததும் எங்களால் கட்ட முடியவில்லை, பாதியில் நின்றது. தனிக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தபோது, மனைவிக்கு முன்பு தைராய்டில் கட்டி அகற்றியிருந்தார்கள் என்பதால் ஒரு நிறுவனம் நான்கு வரிக் கடிதத்தில் மறுத்தது. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

3ஆம் தேதி டென்வர் விவாதத்தில் ராம்னி, ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கும் தம் திட்டத்தில் இடமுண்டு என்றார். விவாதம் முடிந்த பிறகு அவருடைய ஆலோசகர் விளக்கினார்: இடைவிடாமல் காப்பீடு வைத்திருந்தவர்களுக்கு மட்டும். எங்களுக்கு இடைவெளி விழுந்துவிட்டது. அப்படியானால் நாங்கள் உள்ளேயா, வெளியேயா?

இன்னொன்று. பதவியேற்ற முதல் நாளே 50 மாநிலங்களுக்கும் விலக்கு அளிப்பேன் என்கிறார். சட்டப்படி மாநிலங்கள் மாற்று வழி கேட்பதற்கான பிரிவு 2017இல்தான் நடைமுறைக்கு வருகிறது. அதை 2014க்கு முன்கொண்டுவரலாம் என்று சென்ற ஆண்டு ஆளுநர்களிடம் சொன்னவர் ஒபாமா. அதுவரை அதிபரின் ஒரு கையெழுத்தால் எப்படி விலக்க முடியும்?

கொங்குத்தமிழன் | ஹூஸ்டன் | 14 அக்டோபர் 2012

தம்பி, உங்கள் கதையைப் படித்து வருந்தினேன். முதல் நாள் விலக்கு என்பது மேடைப் பேச்சு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிஜ வழி செனட்டில் 51 வாக்குகளைச் சேர்த்து, நிதிநிலை நடைமுறையின் மூலம் வரிகளையும் மானியங்களையும் நீக்குவது. ஆனால் உங்கள் மனைவியைப் போன்றவர்களுக்கென்றே டெக்சஸ் உட்பட சுமார் 35 மாநிலங்கள் தனிக் காப்பீட்டு நிதியம் நடத்துகின்றன. பிரீமியம் சாதாரண விலையைப் போல இருமடங்கு வரை போகும். அதற்கு மத்திய அரசு பணம் கொடுத்திருந்தாலே போதும்; முப்பது கோடிப் பேரின் காப்பீட்டைக் கலைத்துப் போட்டிருக்க வேண்டியதில்லை.

நாடிபிடிப்பவன் | சான் ஆன்டோனியோ, டெக்சஸ் | 15 அக்டோபர் 2012

இரவுப் பணி முடிந்து எழுதுகிறேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் டெக்சஸ்காரன்தான். ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன்.

சென்ற மாதம் கூரை வேய்கிறவர் ஒருவர் வந்தார், வயது 46, இதே மாநிலத்தில் பிறந்தவர். வலது காலில் பூட்ஸுக்கு மேலேயே துணி சுற்றியிருந்தார். கழற்றியதும், பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு மாதத்துக்கான இன்சுலினை இரண்டரை மாதத்துக்கு இழுத்திருக்கிறார். அன்று இரவு மூன்று விரல்களை எடுத்தார்கள். கடந்த வாரம் உங்கள் வேட்பாளர், இதே கொலம்பஸில் ஒரு நாளிதழின் ஆசிரியர் குழுவிடம், காப்பீடு இல்லாததால் யாரும் வீட்டிலேயே சாவதில்லை, மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள் என்றார். ரீகன் காலத்து 1986 சட்டம் வாசலுக்கு வந்தவரைப் பரிசோதிக்கவும், நிலைப்படுத்தவும் சொல்கிறது என்பதால் அது ஓரளவு சரி. விரலை எடுக்கச் சட்டம் இருக்கிறது. அதற்கு மூன்று மாதம் முன்பு இன்சுலின் கொடுக்க இல்லை.

இவருக்கு வேலை கிடைக்கும் மாதங்களைக் கூட்டினால் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர் தேறும். தனி ஆளுக்கு இந்த ஆண்டு வறுமைக் கோடு 11,170 டாலர். ஊனமோ பிள்ளையோ இல்லாத ஆளுக்கு டெக்சஸ் மெடிக்கெய்ட் இல்லை. 2014இல் வரும் மானியமோ வறுமைக் கோட்டுக்கு மேல் உள்ளவர்களுக்குத்தான். கீழே உள்ளவர்களை மெடிக்கெய்ட் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட சட்டம் அது. ஜூன் தீர்ப்பு வந்தது, ஜூலையில் ஆளுநர் பெர்ரி விரிவாக்கம் வேண்டாம் என்று கடிதம் எழுதினார். ஆக, ஆண்டுக்கு 20,000 சம்பாதிப்பவருக்கு மானியம் உண்டு, பத்தாயிரம் சம்பாதிக்கும் இவருக்கு எதுவும் இல்லை. நெல்லை நண்பருக்கு ஒரு செய்தி: முறைப்படி குடியேறி ஐந்தாண்டு நிறைவடையாததால் மெடிக்கெய்ட் மறுக்கப்படும் ஏழைக்குச் சட்டம் மானியம் தருகிறது. நேற்று கிரீன் கார்டில் வந்தவர் பெறுவதை இங்கேயே பிறந்த இந்தக் கூரைக்காரர் பெற மாட்டார்.

கொங்கு நண்பரே, ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் உங்களுக்கு வீடு இருக்குமானால் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். மருத்துவமனை மாவட்டம் என்று ஒரு தனி வரி இருக்கும். அந்த மூன்று விரல்களுக்கான பணம் இப்படித்தான் வருகிறது. விரிவாக்கத்தை ஏற்றால் முதல் மூன்று ஆண்டுகள் முழுச் செலவையும், 2020 முதல் 90 சதவீதத்தையும் மத்திய அரசு கொடுக்கும்.

வைகைக்கரை | ஃபிரேமிங்ஹாம் | 15 அக்டோபர் 2012

டாக்டர் எழுதிய பிறகு நான் அதிகம் சேர்க்க வேண்டியதில்லை. ராஜமன்னார் பற்றி மட்டும்: தமிழ்நாடு சுயாட்சி கேட்டது, தன் மக்களுக்குக் கூடுதலாகச் செய்யும் அதிகாரம் வேண்டும் என்பதற்காக. 2009இல் உயிர்காக்கும் சிகிச்சைக்கான காப்பீட்டுத் திட்டத்தை அந்த மாநில அரசு தானே கொண்டுவந்தது. வந்த பணத்தை வேண்டாமென்று திருப்பி அனுப்புவதற்காக யாரும் சுயாட்சி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கொங்குத்தமிழன் | ஹூஸ்டன் | 16 அக்டோபர் 2012

அம்மா, நல்லது செய்வதற்கு மட்டுமே சுயாட்சி என்றால், எது நல்லது என்பதை மேலே இருப்பவர் தீர்மானிப்பார். அதற்குப் பெயர் சுயாட்சி அன்று, பணிப்பட்டியல். மறுக்கும் உரிமை இல்லாதவனின் சம்மதத்துக்கு மதிப்பில்லை. 1987இல் மதுவருந்தும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் 5 சதவீதம் பிடிக்கலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. இங்கே ஆபத்தில் இருந்தது மாநில வரவுசெலவில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். பெர்ரி செய்தது தவறென்றால் டெக்சஸ்காரர்கள் அவரைத் தேர்தலில் தோற்கடித்துப் பதவியிலிருந்து இறக்கலாம். வாஷிங்டன் செய்த தவறை நான் ஒருவன் என்ன செய்துவிட முடியும்?

டாக்டருக்கு: நேற்றிரவு ரசீதை எடுத்துப் பார்த்தேன். பதினெட்டு ஆண்டுகளாகக் கட்டுகிறேன், அந்த வரியை நின்று படித்ததில்லை. பள்ளி வரிக்குக் கீழே, சிறிய எழுத்தில், இருக்கிறது. ராம்னிக்கான என் வாக்கு மாறவில்லை. ஆனால் அந்தக் கூரைக்காரரைப் பற்றி எங்கள் மாநிலப் பிரதிநிதிக்கு எழுதுவேன். பெர்ரி கேட்பது போல மெடிக்கெய்ட் பணத்தை மொத்தத் தொகையாக வாங்கி நம் விருப்பப்படி செலவிட வேண்டும் என்றுதான் எழுதுவேன், விரிவாக்கம் என்று அன்று.

நாடிபிடிப்பவன் | சான் ஆன்டோனியோ | 16 அக்டோபர் 2012

மொத்தத் தொகையோ விரிவாக்கமோ, எழுதுங்கள். சட்டமன்றம் ஜனவரி 8 அன்று கூடுகிறது. 140 நாள்களில் கலைந்தால் அடுத்த வழக்கமான கூட்டம் 2015இல்தான். கூரைக்காரரின் இடது காலிலும் உணர்ச்சி குறைந்து வருகிறது.

நெல்லைச்சீமை | கொலம்பஸ் | 16 அக்டோபர் 2012

எங்கள் ஆளுநர் கேசிக் விரிவாக்கத்தைப் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை. யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: நவம்பர் 6 வாக்குச்சீட்டில் எங்கள் தொகுதி மாநிலப் பிரதிநிதிக்கான இரண்டு வேட்பாளர்களில் யாரிடமாவது இதைக் கேட்டுப் பார்த்தவர்கள் உண்டா? இன்று வந்த ஏழு தொலைபேசி அழைப்புகளில் ஒன்றுகூட அவர்களிடமிருந்து வரவில்லை.