எம்2 வாங்கியாச்சு, ஓட்டக் கத்துக்க எந்தப் பள்ளி?

சென்னை, போரூர். பிஎம்டபிள்யூ எம்2 எடுத்து மூணு மாசம், 2,400 கி.மீ. இதுவரை முன்சக்கர இழுவை வண்டிகள்தான் ஓட்டியிருக்கேன், இது பின்சக்கரம். போன வாரம் மழை ஈரத்துல, வளைவு முடியுறதுக்குள்ள ஆக்சிலரேட்டரை மிதிச்சேன், பின்பக்கம் வழுக்கி அடுத்த லேனுக்கே போயிடுச்சு. டிராக்‌ஷன் கன்ட்ரோல்தான் (சக்கரம் வழுக்கிச் சுத்தாம தடுக்குற வசதி) காப்பாத்துச்சு. பக்கத்து சீட்ல என் பொண்ணு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

மூணு இடத்துல விசாரிச்சேன். ஒண்ணு அவங்களோட ஃபார்முலா வண்டியிலதான் (ஒத்தை சீட் ரேஸ் கார்) சொல்லித்தருமாம். இன்னொண்ணுல ஆளுக்கு இருபது நிமிஷம்தான் டிராக். மூணாவதுல பயிற்சியாளர் பக்கத்துல உட்காரவே மாட்டாராம். என் இன்சூரன்ஸ்ல ரேஸ், வேகச் சோதனைக்கு கவர் கிடையாது, அதையும் பார்த்துட்டேன்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கோ கோவை கரி ஸ்பீட்வேயோ, எங்கேயும் வரத் தயார். சொந்த வண்டியில, பயிற்சியாளர் பக்கத்துல உட்கார்ந்து, ஈரத்தரையில பிரேக்கும் வழுக்கலும் சொல்லித்தர்ற பள்ளி, நீங்களே போய்க் கத்துக்கிட்டது, எது?