முகம் பார்க்காத ஆட்டுக்கு எப்படி நன்றி சொல்வது?

பந்திச்சமையல்:
அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இருபது ஆண்டுகளாகத் திருமணங்களுக்கும் முனியாண்டி கோயில் திருவிழாக்களுக்கும் சமைத்து வருகிறேன். என் தாத்தா காலத்தில், ஆட்டின் மீது மஞ்சள் நீர் தெளித்துவிட்டு, அது உடலைச் சிலிர்த்து உதறும் வரை அனைவரும் காத்திருப்பார்கள். உதறினால்தான் அது இசைவு தந்ததாகப் பொருள், அதுவரை அரிவாளை எடுக்கமாட்டார்கள். இப்போது எனக்கு வருவதோ ஆஸ்திரேலியாவிலிருந்து பெட்டியில் இறங்கும் உறைந்த இறைச்சி. (ஆட்டுக்கறி என்று பந்தியில் நாம் பெருமையாகச் சொல்வதில் பெரும்பகுதி செம்மறி என்பது வேறு கதை.) முகம் பார்க்காத உயிருக்குச் சமையற்காரன் எப்படி மரியாதை செய்வது? பெட்டியைக் கும்பிட்டுவிட்டு அடுப்பு மூட்டினால் என் உதவியாளர்களே சிரிக்கிறார்கள்.

லயத்துப்பெண்:
அண்ணன், நான் ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவள். என் அம்மா பால் வெட்டிவிட்டு வந்த கையோடு ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டுவார். தீபாவளிக்கு அவற்றில் ஒன்றை அறுத்தால் அவரே சமைப்பார், ஆனால் ஒரு துண்டும் வாயில் வைக்கமாட்டார். அதே அம்மா எதையும் வீணாக்க விட்டதில்லை. தலையைத் தீயில் வாட்டுவார். குடலைப் புரட்டி, மஞ்சளும் வெந்நீரும் சேர்த்து, வாடை போகும் வரை கழுவுவார். இரத்தத்தை வெங்காயத்தோடு பொரிப்பார். சுவரொட்டியை, அதாவது மண்ணீரலை, சுட்டு, சோகை பிடித்த என் தங்கைக்கு ஊட்டுவார். தோலை உறுமி மேளக்காரர் வாங்கிப் போவார். நன்றி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

கால்நடைப்பணி:
ஐயா, வெட்டும் முன் ஆட்டை அமைதியாக வைத்திருந்த உங்கள் தாத்தாவின் வழக்கத்துக்கு அடுப்படியிலும் பயன் உண்டு. அஞ்சி மிரண்டு ஓடிய ஆட்டின் தசையிலுள்ள கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை முன்னதாகவே தீர்ந்துபோவதால், அறுத்தபின் போதிய அளவு லாக்டிக் அமிலம் உண்டாவதில்லை. இறைச்சி கறுத்து, விரைவில் கெட்டுவிடும். ஹலால் முறையிலும் விலங்கின் கண்ணெதிரே கத்தி தீட்டக்கூடாது, ஒன்றின் முன் மற்றொன்றை அறுக்கக்கூடாது என்ற ஒழுக்கம் இருக்கிறது. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, விலங்கை வதைத்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும்.

மரக்கறிக்காரன்:
குளிர்ந்த நீர் பட்டால் எந்த ஆடும் உதறத்தான் செய்யும். அதற்கு இசைவு என்று பெயர் வைத்தது வெட்டுகிறவரின் மன ஆறுதலுக்கு. சாகப்போகும் ஆட்டுக்கு உங்கள் கும்பிடு எதற்கு?

பந்திச்சமையல்:
தம்பி சொல்வதை மறுக்க என்னிடம் பதில் இல்லை. ஆயினும் அந்தக் காத்திருப்பு தாத்தாவின் கையைச் சற்று நிறுத்தி வைத்தது; என் கையை நிறுத்த இன்று எதுவும் இல்லை. சென்ற மாதத் திருமணத்தில் 400 பேருக்கு 60 கிலோ இறக்கி, மிஞ்சிய இரண்டு வாளிக் கறியை மண்டபத்தின் பின்புறம் குழி தோண்டிக் கொட்டினோம். அக்கா எழுதியதைப் படித்தபோது அந்தக் குழிதான் கண்முன் நின்றது. வரும் திருவிழாவுக்கு 50 கிலோ போதும், எலும்பைத் தனியே பிரித்து சூப் வைக்கிறேன் என்று உபயக்காரரிடம் இன்று மாலை சொல்லப் போகிறேன். பந்தியில் கறி குறைந்தால் மானம் போய்விடும் என்று அவர் கோபிப்பார்.